பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: மானிட்டரில் தொடங்குங்கள்

இணையக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் ஒன்று உண்டு: "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, வைஃபை." விலை இருபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கண்ணாடி கேபினெட்டுக்குள் நான்கு ஃபேன்கள் கலர் லைட்டோடு சுற்றும். அதில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது. ஐ7 உண்மையிலேயே ஐ7தான். ஆனால் பல நேரம் அது 2011ல் வந்த ஐ7-2600. 4 ஜிபி கார்டும் உண்டு. அது 2014ல் வந்த ஜிடி 730. அந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் கொடுப்பதை, சிப்பைச் செய்யும் என்விடியா 2021லேயே நிறுத்திவிட்டது. இந்தப் பெட்டியை வாங்கினால் பழைய கேம்கள் ஓடும். வாலரன்ட் விளையாடலாம் என்று நினைத்தால் சிக்கல் வரும். விண்டோஸ் 11ல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்தக் காலத்து மதர்போர்டில் (கடைப்பேச்சில் போர்டு) டிபிஎம் 2.0 கிடையாது. விண்டோஸ் 10லேயே ஓட்டிக்கொள்ளலாமே என்றால், அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

அதற்காக ரெடிமேடாக வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பாகம் பாகமாக வாங்கி நாமே பொருத்தினால்தான் லாபம் என்பது நெடுநாள் பேச்சு. 2025ன் கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு அந்தக் கணக்கு எப்போதும் ஒத்துவருவதில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போகின்றன. சில்லறைக் கடைக்கு வருவது குறைந்துவிட்டது. பழைய விலையில் ஸ்டாக் வைத்திருக்கும் கடை முழு செட்டாகக் கொடுக்கும்போது தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாக வரவும் வாய்ப்புண்டு. இரண்டு வழியிலும் விலை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் ப்ராசஸர் பெயரைப் பார்த்துப் பணத்தை இறக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் காசில் ஒரு மானிட்டரை வாங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை தலைகீழானது: மானிட்டர், அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் ப்ராசஸர். திரையில் எத்தனை புள்ளிகள், அவை நொடிக்கு எத்தனை முறை மாறவேண்டும் என்பதை மானிட்டர் தீர்மானிக்கிறது. அத்தனை வேலையையும் செய்யப்போவது கார்டு. மானிட்டரை முடிவு செய்யாமல் கார்டு தேடினால் ஒன்று அதிகமாகச் செலவழிப்பீர்கள், இல்லையென்றால் போதாமல் போகும்.

முதலில் மொத்தத் தொகையைப் பிரியுங்கள்

கையில் 70,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "70,000க்கு சிஸ்டம்" என்று கடையில் கேட்டால் 70,000க்கும் டவரே (மானிட்டர், கீபோர்டு சேராத பெட்டி மட்டும்) வந்துவிடும். மானிட்டருக்கு 10,000, யுபிஎஸ்ஸுக்கு 5,000, கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் மூன்றுக்கும் சேர்த்து 2,500 என்று முதலிலேயே எடுத்து வையுங்கள். டவருக்கு மிஞ்சுவது 52,500. கடைக்காரரிடம் சொல்லவேண்டிய தொகை இதுதான். டவர் பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகவேண்டும். கொட்டேஷனில் கார்டைவிட ப்ராசஸர் விலை அதிகமாக இருந்தால் அது கேமிங் கம்ப்யூட்டர் இல்லை, விளக்குப் போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்.

என்ன விளையாடப்போகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களுக்குப் பெரிய கார்டு தேவையில்லை. வேகமான திரை வேண்டும். சைபர்பங்க் 2077 மாதிரி கதை கேம்களுக்குக் கார்டுதான் எல்லாம். இரண்டும் வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு 1080பி (1920க்கு 1080 புள்ளிகள்) திரையும் நடுத்தரக் கார்டும் போதும்.

மானிட்டர்

24 அங்குலம், 1080பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்ற எண்), ஐபிஎஸ் பேனல் (திரையின் ஒரு வகை). பட்ஜெட்டில் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. இந்தியாவில் இந்த வகை பொதுவாக 9,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. காரணங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையில் வேறு எதையாவது தள்ளிவிடப் பார்க்கும்போது உதவும்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். ஒரு படி ஏறும்போது கார்டின் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 25,000 ரூபாய்க்குள் கார்டு வாங்குபவர் 4கே மானிட்டர் வாங்கினால், ஒவ்வொரு கேமிலும் அமைப்புகளைக் குறைத்துக் குறைத்தே நாள் போகும். 27 அங்குலத்தில் 1080பி மானிட்டர்களும் விற்கிறார்கள். பெரிதாகத் தெரியும் என்பதால் பலரும் ஆசைப்படுவார்கள். ஆனால் 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் இருக்கும் இடத்தில் 27ல் 82தான். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்துகளின் ஓரம் பிசிறு தட்டும். 27 வேண்டுமென்றால் 1440பி-யோடு வாங்குங்கள், கார்டையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144ல் 6.9. 240ல் 4.2. அறுபதிலிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி மிச்சம். மவுஸை நகர்த்திய உடனே கை உணரும். 144லிருந்து 240க்குப் போனால் மூன்றுகூட மிச்சமாகாது. போட்டிகளில் ஆடுகிறவர் இல்லையென்றால் 240க்குக் கூடுதல் காசு வேண்டாம். பணம் ரொம்ப இறுக்கமாக இருந்தால், ஆபீஸ் வேலைக்கென்று விற்கும் 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் மானிட்டர்கூட 60ஐவிட எவ்வளவோ மேல்.

விஏ என்ற இன்னொரு வகை பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும், இருட்டறையில் படம் பார்க்க அருமை. மலிவு விஏ-யில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது பின்னால் நிழல் இழுக்கும். சுடும் கேம் ஆடுபவர்கள் ஐபிஎஸ்ஸே எடுங்கள். அட்டையில் "1 எம்எஸ்" (ஒரு மில்லிநொடி) என்று பெரிதாகப் போட்டிருந்தால் பக்கத்தில் எம்பிஆர்டி என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவைத்து எடுக்கும் கணக்கு, பேனல் அந்த வேகத்தில் மாறுவதாக அர்த்தமில்லை. இந்த விலையில் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் வசதி) என்று போட்டிருப்பதை அலங்காரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 24 அங்குலத்தில் வளைந்த திரைக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம். ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் கட்டாயம் இருக்கவேண்டும். கேமின் வேகம் ஏறி இறங்கும்போது திரையில் படம் கிழிந்தது போலத் தெரியாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

ஸ்டாண்டையும் கவனியுங்கள். மலிவு மானிட்டர்களில் உயரம் மாற்ற முடியாது. பின்புறம் வெசா துளைகள் (தாங்கியை முடுக்கும் நான்கு துளைகள்) இருந்தால் பிறகு மேசையில் பொருத்தும் ஓர் ஆர்ம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஹாலில் இருக்கும் 32 அங்குல டிவியில் இணைத்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்லும் யோசனை. அந்த அளவில் வரும் 'எச்டி ரெடி' டிவிகளில் பெரும்பாலானவை 1366க்கு 768 புள்ளிகள், 60 ஹெர்ட்ஸ். ஒரு மாதம் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் கார்டு

1080பி-க்கு என்று தேடும்போது கண்ணில் படும் கார்டுகளை, வேகத்தில் கீழிருந்து மேலாகச் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும் (ஆர்டிஎக்ஸ் என்விடியாவுடையது, ஆர்எக்ஸ் ஏஎம்டியுடையது): ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி, ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, அடுத்து ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, இன்டெல் ஆர்க் பி580 மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், அதற்கு மேல் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. 4 ஜிபி மெமரி உள்ள எதையும் புதிதாக வாங்காதீர்கள். 8 ஜிபி இன்றைக்கு 1080பி-க்குப் போதும். நான்கைந்து வருடம் மாற்றாமல் ஓட்ட நினைப்பவர், விலை பக்கத்தில் இருந்தால் 12 அல்லது 16 ஜிபி பக்கம் சாயலாம்.

பெயரில் ஏமாறும் இடம் இங்கேதான் அதிகம். "ஆர்டிஎக்ஸ் 3050" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த 3050 என்று கேளுங்கள். 2022ல் வந்த 8 ஜிபி கார்டும் 2024ல் வந்த 6 ஜிபி கார்டும் ஒன்றல்ல. பின்னால் வந்ததில் மெமரி மட்டும் குறையவில்லை. உள்ளே கணக்குப் போடும் கோர்களும் குறைவு, மெமரியின் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. ஆர்டிஎக்ஸ் 3060லும் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு. 8 ஜிபி கார்டு மெதுவானது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைப் பழைய போர்டில் போட்டு விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். அந்தக் கார்டு போர்டோடு நான்கு தடங்களில் மட்டும்தான் பேசும். போர்டில் கார்டு மாட்டும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 என்றால் வேகம் வெளிப்படையாக விழும்.

என் தனிப்பட்ட எண்ணம்: பணம் குறைவு என்றால் ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒரு படி பழைய ஏஎம்டி கார்டுதான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கடைகளில் "தம்பி, என்விடியாதான் மூவிங்" என்பார்கள். மறுவிற்பனைக்கு அது உண்மை. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் என்று வேறு வேலையும் இருந்தால் நானும் என்விடியா என்றுதான் சொல்வேன். விளையாட்டு மட்டும் என்றால் அந்தப் பேச்சுக்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. ஆர்க் பி580 எடுப்பவர்கள் மட்டும் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் அமைப்பு) வசதி இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் அந்தக் கார்டு தடுமாறும்.

கையில் 35,000தான் இருக்கிறது, கார்டுக்கே வழியில்லை என்பவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. ரைசன் 5 5600ஜி மாதிரி, உள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரோடு டவர் வாங்கி, ஒரு வருடம் கழித்துக் கார்டு போடுவது. வாலரன்ட், மைன்கிராஃப்ட் எல்லாம் அதிலேயே ஓடும். அப்போது ரேம் கட்டாயம் இரண்டு துண்டாக இருக்கவேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸும் (டவருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் வரப்போகும் கார்டைத் தாங்குவதாக இப்போதே வாங்கவேண்டும்.

விளம்பரத்தில் எழுதாத பாகங்கள்

ப்ராசஸர், கார்டு, ரேம் அளவு, எஸ்எஸ்டி அளவு. விளம்பரத்தில் இந்த நான்கும் பளிச்சென்று இருக்கும். லாபம் பார்ப்பது மிச்சப் பாகங்களில். அதனால் இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ். மலிவு டவர்களில் கேபினெட்டோடு சேர்ந்தே ஒன்று வரும், மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த வரிசையிலிருந்துதான். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பாருங்கள், 216 வாட். மேலே 500 என்று போட்டிருந்தாலும் கேமுக்கு உதவுவது 216தான். நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 36 ஆம்பியர் வாக்கில் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 தனியாக 115 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட் வரை எடுக்கும். 80 ப்ளஸ் ப்ரோன்ஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான) சான்று உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று இருந்தால் இவை எதற்கும் கவலையில்லை. கார்டுக்குப் போகும் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வரவேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் ஒயரில் கன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தால் அந்த டவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் போதவில்லை என்றால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்காதீர்கள். அது போனால் தனியாகப் போகாது.

அடுத்து போர்டு. எச்61, எச்610 என்று இரண்டு பெயர்கள், நடுவில் வித்தியாசம் ஒரு பூஜ்யம். எச்61 வந்தது 2011ல்; எச்610 வந்தது 2022ல். புத்தம் புது அட்டைப்பெட்டியில் எச்61 போர்டுகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. பெட்டி புதிது, தொழில்நுட்பம் பதினைந்து வருடப் பழசு. அதோடு வரும் ப்ராசஸர் எங்கேயோ கழற்றப்பட்டது. இன்டெல் எண்ணைப் படிப்பது சுலபம்: ஐ7-2600 என்றால் கோட்டுக்குப் பின்னால் 2, இரண்டாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் 12ஆம் தலைமுறை. விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வது 8ஆம் தலைமுறையிலிருந்துதான். நான்கே கோர் உள்ள ஐ3-12100எஃப், அந்தப் பழைய ஐ7ஐ எல்லாவற்றிலும் முந்திவிடும். கார்டு 6600 அளவில் இருந்தால் ஐ3-12100எஃப் போதும். 4060க்கு மேல் போனால் ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஏஎம்5 சாக்கெட் (ப்ராசஸர் மாட்டும் இடம்) உள்ள போர்டில் ரைசன் 5 7500எஃப். பிற்காலத்தில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள அதில் வழியிருக்கிறது.

இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். அதனால் கொஞ்சம் விலை குறையும். கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் வராது. அதே கம்ப்யூட்டரில்தான் படிப்பும் வேலையும் என்றால், குறிப்பாக சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் இருந்தால், எஃப் இல்லாததை வாங்குவது நல்லது.

ரேம் 16 ஜிபி என்றால் 16 ஜிபி ஒற்றைத் துண்டா, 8 ஜிபி இரண்டு துண்டா என்று கேளுங்கள். இரண்டு துண்டு போட்டால் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தகவல் போய் வரும், கேம் சீராக ஓடும். விலையேற்றத்தைக் காட்டி 8 ஜிபி ஒற்றைத் துண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் போர்டில் இரண்டாவது இடம் காலியாக இருக்கவேண்டும். எஸ்எஸ்டி என்விஎம்இ என்ற வேகமான வகையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 512 ஜிபி-யில் விண்டோஸ் போக நான்கைந்து பெரிய கேம்தான் அடங்கும்.

கேபினெட்டைப் பற்றிச் சென்னை, மதுரை, வேலூர் வெயிலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் படத்தில் அழகாக இருக்கும். காற்று உள்ளே போக இடம் இருக்காது. மே மாதம் மதியம் ஏசி இல்லாத அறையில் கார்டின் ஃபேன் கத்தும், சூடு தாங்காமல் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் சல்லடையாக, தூசி ஃபில்டரோடு இருப்பதை எடுங்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது

எச்பி, லெனோவோ, டெல் போன்ற பெரிய கம்பெனிகளின் கேமிங் டவர்களில் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. எல்லாம் அவர்களே செய்தது. ஆன்சைட் வாரண்டி உள்ள மாடல் என்றால் பழுதுக்கு ஆள் வீட்டுக்கே வருவார். ராமநாதபுரத்திலோ தேனியிலோ இருப்பவருக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனால் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுடைய சொந்த அளவில் இருப்பது வழக்கம். நான்கு வருடம் கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தால் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே பொருந்தாது. பழைய ஆபீஸ் டவர்களை ரீஃபர்பிஷ்டு என்று வாங்கிக் கார்டு போட நினைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஒல்லி டவர்களில் குட்டையான, 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் நுழையும். 3050 6 ஜிபி-யின் சின்ன வடிவம் அதற்குச் சரியாக வரும். அந்தக் கார்டுக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே இடமும் அதுதான்.

கடையில் அசெம்பிள் செய்து தரும் முழு செட் என்றால் சென்னையில் ரிச்சி தெருதான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நேரில் போவதற்கு முன் நாலைந்து கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்புங்கள்:

"அண்ணா, 1080பி-ல கேம் ஆட ஒரு டவர் வேணும், 52,000க்குள்ள. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி பேரு, முழு மாடல் நம்பர், வாரண்டி எத்தனை வருஷம்னு தனித்தனி வரியா போட்டு, ஜிஎஸ்டி சேர்த்து கொட்டேஷன் அனுப்புங்க."

"எஸ்எம்பிஎஸ் 500 வாட், போர்டு எச்610" என்று கம்பெனி பெயர் இல்லாமல் பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள். "நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்றால் போகலாம், பேசலாம், அட்வான்ஸ் மட்டும் கொடுக்கவேண்டாம். வந்த கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கடை எந்தப் பாகத்தில் இறங்கியிருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ப்ராசஸர் பாக்ஸில் வருவதா, ட்ரேயா (பெட்டி இல்லாமல் வருவது) என்றும் கேளுங்கள். பெட்டியில் வருவதற்குக் கம்பெனி மூன்று வருட வாரண்டி தருகிறது. ட்ரே என்றால் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி, அதுவும் பெரும்பாலும் ஒரு வருடம்.

பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சு வரும். 59,000 பில்லில் 50,000 பொருள், 9,000 ஜிஎஸ்டி. அந்த ஒன்பதாயிரத்தை மிச்சம் பிடித்தால், கார்டு கெட்டுப்போகும் நாளில் உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பில்லில் "கேமிங் பிசி - 1" என்று ஒற்றை வரியில் போடவும் விடாதீர்கள். ஒவ்வொரு பாகமும், முடிந்தால் அதன் சீரியல் நம்பரோடு, தனி வரியில் வரவேண்டும். கார்டுக்கு மூன்று வருடம், எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்து வருடம் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனி வாரண்டி வேறு. "எங்க கடை வாரண்டி ஒரு வருஷம்" என்று முடித்துக்கொண்டால் உங்களுக்கு உரிய மிச்ச வருடங்கள் போய்விடும்.

விண்டோஸ் "போட்டுத் தருகிறோம்" என்பார்கள். லைசென்ஸ் காசு பில்லில் இல்லையென்றால் அது லைசென்ஸ் இல்லாத விண்டோஸ்தான். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ், எர்த்

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் யுபிஎஸ் எதற்கு என்ற கேள்வி வரும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, யுபிஎஸ் மோடுக்கு மாற்றும் சுவிட்சும் இருந்தால் சமாளிக்கலாம். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் வேண்டாம். யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ (இது வோல்ட்-ஆம்பியர், திரை வகை அல்ல) என்பது சுமார் 360 வாட்தான் என்பதை நினைவில் வையுங்கள். கேம் ஓடும் டவரும் மானிட்டரும் சேர்ந்தால் முந்நூறை நெருங்கும். 1000 அல்லது 1100 விஏ எடுத்தால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றால் பழுது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டு எர்த்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் இயக்கவேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும்

பார்சலில் வருவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனியாகப் பேக் செய்யச் சொல்லுங்கள். கனமான கார்டு லாரி குலுக்கலில் போர்டின் ஸ்லாட்டை உடைத்துவிடும். பிரிக்கும்போது முகவரி லேபிளில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே அடைத்த ஃபோம் ஏதாவது மிச்சமிருக்கிறதா பாருங்கள்.

மானிட்டர் ஒயரைக் கார்டில்தான் மாட்டவேண்டும், போர்டில் அல்ல. புதிதாக வாங்கியவர்கள் "கேம் திக்குது" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். டிஸ்ப்ளே போர்ட் ஒயர் பெட்டியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 துளையில் 1080பி-க்கு 120 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். அதன் பிறகும் விண்டோஸ் பல நேரம் 60லேயே நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 144 அல்லது 180க்கு நீங்கள்தான் மாற்றவேண்டும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் ப்ராசஸர் பெயர், எத்தனை ரேம் ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, ரேமின் வேகம் எல்லாம் தெரியும். டிடிஆர்4 3200 ரேம் வாங்கியிருக்க 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் (போர்டின் உள்ளமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கவேண்டும். கார்டு அசல்தானா என்று பார்க்க ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். வேறு கார்டின் பெயரை ஏற்றிய போலியாக இருந்தால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். எஸ்எஸ்டி புதிதா என்பதைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சொல்லும். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண் அதில் இருக்கும். புது டிரைவ் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்காது. நேரில் வாங்குபவர்கள் இவற்றைக் கடையிலேயே பார்த்துவிடலாம். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

மானிட்டரில் முழுத் திரைக்கும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வைத்து, மாறாமல் நிற்கும் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு நீங்கள் ஆடும் கேமிலேயே கனமானதை இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். தானாக அணைவது, திரை கறுத்துப்போவது, கருகிய வாடை என எது வந்தாலும் அன்றைக்கே விற்றவருக்குத் தெரியப்படுத்துங்கள். இணையக் கடைகளில் மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாள்தான். அது தாண்டினால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அலையவேண்டியிருக்கும். விற்றவர் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

எல்லாம் சரியாக ஓடினால் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் மங்கிவிடும். கார்டு, மானிட்டர் இரண்டின் அட்டைப்பெட்டிகளையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள். சர்வீஸுக்குக் கூரியரில் அனுப்பும்போது அவை வேண்டியிருக்கும்.